ஆறு அறை, ஐந்து ரவை

மூன்றாவது சுற்றில் என் வலக்கைத் துவக்கின் உருளை சுழல மறுத்துவிட்டது. குதிரையைப் பெருவிரலால் இழுத்தால் வருகிறது, விசையை அழுத்தினால் விழுகிறது, ஆனால் வெடி இல்லை. ஏற்கனவே வெடித்த கோதின் முதுகிலேயே மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் கடிகாரம் பிடித்துக்கொண்டு நின்றவர், துவக்கை மேசையில் வைத்துவிட்டு அடுத்ததை எடு என்றார். எடுத்தேன். சுடாமல் விட்ட மூன்று இலக்குக்கும் தலா ஐந்து செக்கன் தண்டம்.

இறக்கும் மேசையில் நிற்கும் கிழவர் எங்கள் குழுவின் வைத்தியர் மாதிரி. நாற்பது வருடம் கடைசல் இயந்திரத்தோடு சீவித்த மனுசன். அவர் துவக்கை வாங்கிக் காதருகே கொண்டுபோக முந்தியே நான் சொல்லிவிட்டேன்: "கையின் வில் முறிந்துவிட்டது. வாயைக் கீழே சாய்த்துக் குதிரையை இழுத்துப் பாருங்கள், சுழலும். நிமிர்த்திப் பிடித்தால் சுழலாது." அவர் சாய்த்துப் பார்த்தார். சுழன்றது. நிமிர்த்தினார். நின்றது. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

"அப்பா ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பிறீவீலும் இதுவும் ஒன்றுதான்" என்றேன்.

பொய் இல்லை. முழுக்க உண்மையும் இல்லை.

அரிசோனாவுக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. சிங்கிள் அக்சன் றிவோல்வர் சுடத் தொடங்கி ஒன்பது வருடம். ரொறன்ரோவில் இருக்கும் சொந்தக்காரருக்கு முதலில் இதைச் சொன்னபோது ஒருவர் சிரித்தார், ஒருவர் மனநல ஆலோசகரின் தொலைபேசி இலக்கம் அனுப்பினார். இலக்கியக் கூட்டமொன்றில் ஒரு நண்பர், யுத்தத்தில் வளர்ந்தவர்கள் தங்கள் பயத்தை இப்படித்தான் வெல்லப் பார்ப்பார்கள் என்று எனக்கே என்னை விளங்கப்படுத்தினார். நல்ல மனுசன், அதனால் தலையாட்டினேன். ஆனால் நான் எதையும் வெல்லப் போகவில்லை. எனக்கு அந்தச் சாமான் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்பதைத்தான் இத்தனை வருடமாக யாருக்கும் சரியாகச் சொல்லவில்லை.

சாமானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கிள் அக்சன் என்றால் விசைக்கு ஒரேயொரு வேலைதான்: இழுத்து வைத்த குதிரையை விடுவிப்பது. துவக்கின் பின்னால் எழும்பி நிற்கும் சுத்தியலைத்தான் குதிரை என்கிறேன். எங்கள் பக்கத்து வேட்டைக்காரர் வாயில் வந்த பெயர். குதிரையை ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால் நீங்களே இழுக்கவேண்டும். அப்படி இழுக்கும்போது உள்ளே ஒரு சின்ன இரும்புத் துண்டு எழும்பி, உருளையின் முதுகிலுள்ள பல்லை உந்தி, அடுத்த அறையைக் குழலுக்கு நேரே கொண்டுவரும். அந்தத் துண்டுக்குப் பெயரே 'கை'தான். கையைப் பல்லோடு அணைத்து வைத்திருப்பது அதன் முதுகிலுள்ள மெல்லிய தகட்டு வில். பிறீவீலுக்குள் இருக்கும் நாக்கும் வில்லும் செய்கிற வேலை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது கேட்கிற அந்தக் கிரிக் கிரிக், இங்கே ஒரு வெடிக்கு நாலு தரம் கேட்கும்.

சாமுவேல் கோல்ற் தன் சுழல் துவக்குக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1836இல். நாங்கள் படத்தில் பார்க்கிற கௌபோய் துவக்கு வந்தது 1873இல். அதற்குப் பதினொரு வருடம் முந்தியே அவர் செத்துப்போனார். அமெரிக்க இராணுவம் எடுத்துக்கொண்ட அந்த மாதிரியைப் பலர் பின்னால் நகல் செய்தார்கள், இன்னும் செய்கிறார்கள். இரண்டாம் உலகப்போரோடு கோல்ற் கொம்பனி அதை நிறுத்தியது. பழசு, இனி யார் வாங்குவான் என்ற கணக்கு. பிறகு தொலைக்காட்சியில் கௌபோய் கதைகள் ஓடத் தொடங்கின. 1953இல் ரூகர் கொம்பனி சின்ன ரவைக்கு ஒரு சிங்கிள் அக்சனைக் கொண்டுவந்தது. அது விற்ற விற்பனையைப் பார்த்து 1956இல் கோல்ற்றும் திரும்ப வந்தது. செத்த இயந்திரமொன்றைப் படம் உயிர்ப்பித்த கதை இது. எனக்கும் முதலில் வந்தது படம்தான். ஜெய்சங்கர் தொப்பி போட்டுக் குதிரையில் வந்த கர்ணனின் 'கங்கா'வைப் பார்த்துவிட்டு வடலிக் காணிக்குள் பூவரசங்கம்பால் சுட்டுத் திரிந்த பெடியன் நான்.

இப்போது என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்று ரூகர், மற்ற இரண்டும் கோல்ற்றைப் பார்த்து இத்தாலியில் செய்தவை. ரூகர் புத்திசாலித்தனமானது. உள்ளே தகட்டு வில்லுக்குப் பதில் சுருள்வில், அது இலேசில் முறியாது. 1973க்குப் பிறகு குதிரைக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு சின்னத் தகட்டை வைத்தார்கள். விசையை முழுக்க அழுத்திப் பிடித்தாலொழிய அந்தத் தகடு மேலே வராது, அடி ஊசிக்குப் போகாது. ஆறு அறையும் நிரப்பிவிட்டுக் கீழே போட்டாலும் வெடிக்காது. இத்தாலிக்காரனும் பழைய கோல்ற்றும் அப்படியல்ல. குதிரையின் மூக்கிலேயே ஊசி இருக்கும். அதன் கீழே நிரப்பிய அறை இருந்து துவக்கு தவறி விழுந்தால் வைத்திருப்பவன் காலே போய்விடும். அதனால் ஆறு அறையில் ஐந்தைத்தான் நிரப்புவது. ஒன்று போடு, ஒன்றை விடு, நாலு போடு, குதிரையை முழுக்க இழு, மெல்ல இறக்கு. வெற்று அறை சரியாகக் குதிரையின் கீழே வந்து நிற்கும். ஒன்பது வருடத்தில் என் விரலுக்கு இது பழகிய விதத்தில் தேவாரம்கூடப் பழகவில்லை. போட்டியில் எந்த வகைத் துவக்கென்றாலும் ஐந்துதான். நிரப்பும் மேசையில் ஒருவர் நின்று பார்ப்பார், குதிரையின் கீழே ரவை இருந்தால் அந்தச் சுற்று போச்சு.

ரூகர்தான் நல்ல துவக்கு. ஆனால் என் மனம் இத்தாலிக்காரரில்தான். இழுக்கும்போது நாலு ஓசையும் தனித்தனியாகக் கேட்கும். முதலாவது, குதிரை கொஞ்சம் விலகி நிற்கிற இடம். இரண்டாவது, உருளை கட்டவிழ்ந்து சுழலும் இடம். ரவை போடுவது அங்கே. மூன்றாவது, உருளையைப் பூட்டும் கட்டை விழும் ஓசை. நாலாவது, முழு இழுப்பு. கோல்ற் என்று ஆங்கிலத்தில் எழுத நாலு எழுத்து, துவக்கு தன் பெயரைத் தானே சொல்கிறது என்பார்கள் இங்கே. இரண்டாவதில் நிற்கும் குதிரையைப் பாதியிலேயே இறக்கிவிட்டால் அந்தக் கட்டை உருளையில் உரசி வட்டமாய் ஒரு கோடு விழும். துவக்கு வாங்கப் போனால் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்க்கவேண்டும். முந்தி வைத்திருந்தவனின் குணம் அதில் எழுதியிருக்கும்.

முன் குறியும் நீங்களே அரத்தால் ராவிச் சரிசெய்யவேண்டியது. புதுத் துவக்கு அநேகமாகத் தாழச் சுடும். முன் தகட்டைக் கொஞ்சம் ராவினால் அடி உயரும். நாலு தரம் ராவு, ஐந்து வெடி வை, பார், திரும்ப நாலு தரம் ராவு. கூட ராவிவிட்டால் திரும்ப ஒட்ட ஏலாது. அப்பா சொல்லுவார், அரம் ஒரு பக்கம்தான் போகும் என்று. அவர் சொன்னது வேறு எதைப் பற்றியுமல்ல, அரத்தைத் திரும்ப இழுக்கும்போது அழுத்தக்கூடாது, பல் மழுங்கும் என்பதைப் பற்றி.

போட்டிச் சங்கத்தில் சேரும் ஒவ்வொருவரும் ஒரு புனைபெயர் எடுக்கவேண்டும். பழைய மேற்குக்குப் பொருத்தமாக இருக்கவேண்டும், வேறு யாரிடமும் இருக்கக் கூடாது. ஏற்கனவே பதினெட்டு எழுத்துப் பெயரை நாலு எழுத்தாய் வெட்டிக்கொண்டு வாழ்கிறவனிடம் இன்னொரு பெயர் கேட்கிறார்கள். மகள்தான் சொன்னாள்: "சுன்னாகம் கிட்." வேறு யாரிடமும் இருக்கவில்லை. இப்போது ஒலிபெருக்கியில் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரிக் கூப்பிடுவார்கள், போன வருடம் ஒருத்தி சங்கிகாம் என்றாள். எப்படிக் கூப்பிட்டாலும் தொப்பியைத் தொட்டு எழும்புவேன். பாலைவனத்தின் நடுவே, கள்ளிச்செடிகளுக்குப் பக்கத்தில், என் ஊரின் பெயரைச் சொல்லத் தெண்டிக்கிற ஐம்பது வெள்ளைக்காரர்.

அந்த மகள்தான் துவக்கிடத்துக்கு ஒரு நாளும் வரமாட்டேன் என்றவளும். பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு இரண்டு தரம் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மேசைக்குக் கீழே மூச்சை அடக்கி இருக்கப் பழக்குகிறார்கள். முதல் தரம் பழகிவிட்டு வந்த அன்று, இரும்புப் பெட்டியின் இலக்கம் தனக்குத் தெரியக்கூடாது, தெரியுமென்றால் மாற்றிவிடுங்கள் என்றாள். மாற்றினேன். ரொறன்ரோவிலிருந்து ஆட்கள் வந்தால் மூன்று மணித்தியாலம் ஓடி ரூம்ஸ்ரோனுக்குக் கூட்டிப்போவது வழக்கம். 1881 ஒக்ரோபர் 26ஆம் திகதி அரை நிமிசத்துக்குள் மூன்று பேர் செத்த இடம். நகரத்துக்குள் ஆயுதம் கொண்டு திரியக் கூடாதென்ற ஒன்பதாம் இலக்கக் கட்டளை அப்போது நடைமுறையில் இருந்தது, துவக்கைப் பறிக்கப் போய்த்தான் அன்றைய வெடி தொடங்கியது. இதை நான் வந்தவர்களுக்கு விளங்கப்படுத்திக்கொண்டு நிற்க, "அப்ப அவைக்கே தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு ஐஸ்கிறீம் வாங்கப் போனாள். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

இனி, கிழவருக்குச் சொல்லாமல் விட்டது.

1986. எனக்குப் பன்னிரண்டு வயது. சந்தைக்குக் கிட்ட அப்பாவின் கடை. ஒட்டுப்போடுவது, றிம் நெளிவெடுப்பது, பிறீவீல் கழுவுவது. வில்லும் பூட்டும் தெரிந்த கை என்று தையல் மெசினும் மணிக்கூடும்கூடக் கொண்டுவருவார்கள். ஒரு நாள் கடை பூட்டிய பிறகு சாரம் கட்டிய ஒரு பெடியன் வீட்டுக்கு வந்தான். பத்தொன்பது இருபது வயது இருக்கும். "ஐயா" என்றுதான் கூப்பிட்டான். சந்தைப் பையிலிருந்து துவாய் சுற்றிய ஒரு பொலிஸ் றிவோல்வரை எடுத்து வைத்தான். உருளை சுழலுதில்லை என்றான்.

அப்பா ஏன் மாட்டேன் என்று சொல்லவில்லை? சொல்லக்கூடிய காலமில்லை என்பது ஒரு பதில். பிழைத்துப்போன ஒரு சாமானை முன்னால் வைத்தால் அப்பாவால் பேசாமல் இருக்க முடியாது என்பது இன்னொரு பதில். நான் கிட்ட இருந்து பார்த்தவன், இரண்டாவதுதான் கூடச் சரி என்று நினைக்கிறேன். அவர் அதை வாங்கி, ரவை இல்லையென்று பார்த்து, வாயைக் கீழே சாய்த்துக் குதிரையை இழுத்தார். சுழன்றது. நிமிர்த்தினார். நின்றது. "கை விழுது. வில் போட்டுது" என்றார். நாளைக்கு வா என்று அவனை அனுப்பினார்.

அன்று கரண்ட் இல்லை. நான்தான் அரிக்கன் லாம்பு பிடித்தேன். அப்பா ஆணிகளைக் கழற்றிக் கழற்றும் ஒழுங்கில் ஒரு மூடிக்குள் வைத்தார். பக்கத் தகட்டைச் சுத்தியல் பிடியால் மெல்லத் தட்ட அது தானாக எழும்பி வந்தது. உள்ளே எண்ணெய் மினுக்கத்தில் ஒரு ஊரே இருந்தது. எது எதைத் தள்ளுகிறது, எது எதை விடுகிறது என்று குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அந்தத் துவக்கு நான் இப்போது சுடும் வகையல்ல, விசையை இழுத்தாலே சுழன்று வெடிக்கிற வகை. ஆனால் கை என்றால் கைதான். பழைய மணிக்கூட்டு வில்லொன்றில் நூல் தடிப்புத் துண்டை வெட்டி, விளக்கில் சூடுகாட்டி வளைத்து, திரும்ப முறுக்கேற்றி, ராவி ராவி மூன்றாம் தரம் சரியாக வைத்தார். பூட்டியபின் குதிரையை இழுத்தார். கிரிக். உருளை ஒரு மயிரிழை பிசகாமல் வந்து நின்றது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோசமாக இருந்த இரவுகளைக் கேட்டால் அதைச் சேர்க்காமல் விட முடியாது. பயம் துளியும் இருக்கவில்லை.

அவன் வந்து வாங்கிப் போனான். அப்பா காசு வேண்டாம் என்றார்.

மூன்று கிழமை கழித்து, சந்தியில் மின்கம்பத்தில் ஒருவரைக் கட்டிச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் மட்டை தொங்கியது. எங்கள் கடைக்கு வருகிறவர். பச்சை மட்கார்ட் போட்ட அவருடைய றலி சைக்கிள் பின் ரியூப் மாற்றுவதற்கென்று எங்கள் கடையில் நின்றது. அதைக் கேட்டு யாரும் வரவில்லை. கொண்டுபோய்க் கொடுக்கவும் அப்பாவுக்கு மனம் வரவில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவுவரை சுவரோடு சாய்ந்தபடி நின்றது. ரியூப் மாற்றி, காற்றும் அடித்துத்தான் நின்றது.

அப்பா திருத்திய துவக்குத்தானா என்று ஒருவருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்தில் துவக்குக்குப் பஞ்சமில்லை. அதன்பிறகு இரண்டு தரமோ மூன்று தரமோ வேறு பெடியள் வந்தார்கள். கை நடுங்குது தம்பி, ஏலாது என்று அப்பா திருப்பி அனுப்பினார். நெளிந்த றிம்மைக் கம்பி கம்பியாய் முறுக்கி நேராக்கும்போது அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. 2004இல் அவர் சாகும்வரை நாங்கள் அந்த இரவைப் பற்றிக் கதைக்கவில்லை. நான் தொலைபேசியில் எத்தனையோ தரம் பிறீவீல் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

அம்மா ஒவ்வொரு மாரியும் ரொறன்ரோக் குளிருக்குத் தப்பி இங்கே வருவா. எண்பத்தொரு வயது. நான் சனிக்கிழமைகளில் சுடப் போகிறேன் என்று தெரியும். கோயிலுக்குப் போகாதவன் எங்கேயோ போகிறான் என்ற அளவில் விட்டுவிட்டா. வீட்டில் துவக்கு எதையும் அவவின் கண்ணில் காட்டியதில்லை.

வில் முறிந்த அடுத்த நாள் பின்னேரம், கராஜில் அந்தத் துவக்கை ரவை இல்லையென்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, கழற்ற முந்தி ஒருக்கால் என்று வாயைக் கீழே பிடித்துக் குதிரையை இழுத்தேன். நாலு ஓசையும் கேட்டன. நிமிர்த்தி இழுத்தேன். திரும்பச் சாய்த்து இழுத்தேன். குசினிக்குப் போகும் கதவு நீக்கலாய் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

தண்ணி குடிக்க உள்ளே போனபோது அம்மாவைக் காணவில்லை. பலகையில் வாழைக்காய் பாதி வெட்டியபடி இருந்தது. பிறகுதான் பார்த்தேன், யன்னலுக்குக் கீழே, சுவரோடு முதுகை ஒட்டி, காலை மடக்கி நிலத்தில் இருந்தா. முழங்கால் நோவென்று கதிரையிலேயே மெல்ல இருக்கிற மனுசி. கத்தி இன்னும் கையில் இருந்தது.

"அம்மா, நான்தான். ஒண்டுமில்லை" என்றேன்.

"தெரியும்" என்றா. எழும்பவில்லை. நானும் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் போய், "உது என்ன, சுத்துதில்லையோ?" என்று கேட்டா.

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. அன்றிரவு அம்மா அறைக்குள் தங்கச்சியோடு நித்திரை என்றே நான் நினைத்திருந்தேன். முப்பத்தொன்பது வருடம்.

"கொப்பர் அதுக்குப் பிறகு சரியா நித்திரை கொண்டதில்லை" என்றா. "அண்டைக்கு நீ லாம்பு பிடிக்காட்டில் அவர் காலமை செய்வம் எண்டு விட்டிருப்பார். விடிஞ்சா அவருக்கு மனம் மாறியிருக்கும்."

குற்றமாகச் சொல்லவில்லை. கறிக்கு உப்புப் போடாவிட்டால் எப்படி இருக்கும் என்று சொல்வது மாதிரிச் சொன்னா. பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி, வாழைக்காய் கறுத்துப்போய்விட்டது என்று அதை எடுத்துத் தண்ணிக்குள் போட்டா.

வில் தபாலில் வந்துவிட்டது. ஒரு சின்ன உறை, விலை பத்து டொலருக்குள். பூட்ட அரை மணித்தியாலம் போதும். துவக்கு கராஜ் மேசையில் கழற்றியபடி கிடக்கிறது. ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கில் ஹோர்லிக்ஸ் போத்தல் மூடிக்குள் வைத்து, மேலே ஒரு துணி போட்டிருக்கிறேன். அடுத்த போட்டிக்குக் கிழவர் தன்னுடையதில் ஒன்றை இரவல் தருகிறேன் என்றிருக்கிறார். அம்மாவுக்கு ரிக்கற் சித்திரை பத்தாம் திகதிக்கு. மேசையில் இருப்பது என்ன என்று அவ கேட்கவில்லை. நேற்றுக் கராஜைக் கூட்டும்போது அந்த மூடியைச் சுற்றிக் கவனமாகக் கூட்டியிருந்தா.